உழவர் பர்ன்ஸ் என்னும் மல்லாசிரியர்

உலகிலே வெற்றி பெற்றோருடைய பெயர்கள் பலர் நாவிலும் வழங்குகின்றன. அவ்வெற்றிக்கு அவர்களை ஆயத்தம் செய்த ஆசிரியர்களுடைய பெயர்களோ ஏட்டளவிலேனும் நிலைபெறுதல் அரிது. கனியைப் புகழ்வோர் பலர். வேரை நினைப்போர் சிலர். இவ்வுண்மை கல்வித் துறைக்கு மட்டுமன்றி, உடல் வலிமையையே முதலாகக் கொண்ட மற்போர்த் துறைக்கும் பொருந்துவதாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே தொழில்முறை மல்லருள் தலைசிறந்தவராய் விளங்கி, பின்னர் அம்மல்லருக்கெல்லாம் ஆசானாய் அமர்ந்து, இன்று பெரும்பாலோரால் மறக்கப்பட்டுக் கிடக்கும் மார்ட்டின் பர்ன்ஸ் என்பாருடைய வரலாற்றையும், அவரால் விளைந்த பயனையும் ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்க முயல்வோம்.

கல்லூரி மலரிலே மல்லன் ஒருவனுடைய வரலாற்றுக்கு இடமேது என்று சிலர் வினவலாம். விடியுமளவும் போராடி ஆசீர்வாதம் பெற்ற யாக்கோபின் வரலாற்றைச் சிறு பருவமுதல் கேட்டு வளர்ந்த நமக்கு மற்போர் அயலான பொருளன்று. அன்றியும், தமிழிலே 'மல்' என்னும் சொல் வலிமைக்கும், வலியோர் புரியும் போருக்கும் பொதுவாய் நிற்கின்றது. வலிமை வேறு, அதனை ஆளும் கலை வேறு என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் காட்டி நின்றவர் பர்ன்ஸ். ஆதலின், கற்போரும் கற்பிப்போரும் கூடி வாழும் இவ்விடத்தில் அவர் வரலாறு பயன்படாமற் போகாது.

அவருடைய பெருமையை அறிதற்கு முன், அக்காலத்து மற்போரின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாடுகளில் இருவகை மற்போர் சிறப்பாக வழங்கின. ஒன்று கிரேக்க-ரோம முறை எனப்படுவது. அதில் இடைக்குக் கீழே பிடித்தல் ஆகாது. மற்றொன்று இங்கிலாந்தின் லங்காஷயர்ப் பகுதியில் வளர்ந்து அமெரிக்காவுக்குச் சென்ற 'கேட்ச்-ஆஸ்-கேட்ச்-கேன்' என்னும் முறை. 'எவ்வாறு பிடிக்கக் கூடுமோ அவ்வாறு பிடி' என்பது அப்பெயரின் பொருள். இதில் காலையும் பிடிக்கலாம்; கையையும் முறுக்கலாம். எதிரியின் இரு தோள்களும் ஒருங்கே தரையிற் படும்படி செய்தலே வெற்றி. முதல் முறையிலே பருத்த உடலும் பெருவலியும் உடையோர்க்கு ஏற்றம் மிகுதி. இரண்டாம் முறையிலோ சிறிய உடலினனும் கலைநுட்பத்தால் பெரியோனை வெல்லக்கூடும். பர்ன்ஸ் தேர்ந்துகொண்டது இவ்விரண்டாம் முறையே.

இவர் 1861-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 15-ஆம் தேதி அயோவா மாகாணத்தைச் சேர்ந்த சீடார் கவுண்டியிலே பிறந்தார். அது சோளம் விளையும் நிலமும் பன்றி வளர்க்கும் பண்ணைகளும் நிறைந்த நாடு. இவர் இளமையிலேயே பண்ணை வேலைக்கும் சாலை வெட்டும் வேலைக்கும் உரியவரானார். பகலெல்லாம் கடிய உழைப்பு. ஓய்ந்த வேளைகளில் அயற்பண்ணைச் சிறுவர்களோடு மற்போர். தேகப்பயிற்சிச் சாலையும் கருவிகளும் அவருக்குக் கிட்டவில்லை. மண்வெட்டியும் கலப்பையுமே அவருக்குக் கருவிகளாய் அமைந்தன.

'உழவர்' என்னும் சிறப்புப்பெயர் இவருக்கு வந்த கதை சுவையுடையது. 1889-ஆம் ஆண்டிலே இவர் சிக்காகோ நகருக்குச் சென்றிருந்தார். அங்கே ஒரு நாடகசாலையில், பெயர்பெற்ற மல்லராகிய ஜாக் கார்கீக் என்பவரை எதிர்த்துப் பதினைந்து நிமிஷம் வீழாது நிற்போருக்கு 25 டாலர் பரிசளிக்கப்படும் என்று விளம்பரம் செய்திருந்தனர். பர்ன்ஸ் தம் பண்ணை உடையோடே மேடை ஏறினார். அக்கோலத்தைக் கண்டு கூட்டம் நகைத்தது. அவரை 'உழவர்' என்றே கூவி அறிவித்தனர். கார்கீக் பதினைந்து நிமிஷம் முயன்றும் அவ்வுழவரை வீழ்த்த இயலவில்லை. நகைத்த கூட்டம் ஆரவாரித்தது. ஏளனத்தால் வந்த அப்பெயரைப் பர்ன்ஸ் நாணாமல் ஏற்று, இறுதி வரையில் அதனையே தம் பெயராகக் கொண்டார்.

அக்காலத்தில் அமெரிக்க மல்லருள் முதல்வராய் நின்றவர் இவான் லூயிஸ். எதிரியின் கழுத்தைத் தம் கைக்குள் இறுக்கி நெரிக்கும் பிடியில் அவர் வல்லவர். அதனால் 'கழுத்து நெரிப்பார்' என்றே அவரை வழங்கினர். 1893-ஆம் ஆண்டு அவர் எர்னஸ்ட் ரோபர் என்பவரை நியூ ஆர்லியன்ஸ் நகரில் வென்று புகழின் உச்சியில் இருந்தார். அவரை 1895-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 20-ஆம் தேதி சிக்காகோவிலே பர்ன்ஸ் எதிர்த்து வென்று, அமெரிக்க முதன்மைப் பட்டத்தைப் பெற்றார். அப்போது பர்ன்ஸுக்கு வயது முப்பத்து நான்கு; உடலின் எடை ஏறக்குறைய 165 இராத்தல். தம்மினும் பருத்த உடலினரோடு பொருதே அவர் வெற்றிகள் பல பெற்றார் என்பது கருதத்தக்கது. அப்பட்டத்தை 1897-ஆம் ஆண்டு இண்டியானபோலிஸ் நகரில் டான் மக்லியாட் என்பவரிடம் இழந்தார்.

கழுத்து நெரிப்பாரை அவர் அஞ்சாமைக்குக் காரணம் ஒன்று உண்டு. அவருடைய கழுத்தின் சுற்றளவு 20 அங்குலம். நடுத்தர உடலுடைய ஆடவர்க்கு 15 அல்லது 16 அங்குலமே இருக்கும். இது பிறவியாலே வந்ததன்று; பயிற்சியாலே வந்தது. மல்லாந்து கிடக்க நேர்ந்த மல்லன், தலையையும் பாதங்களையும் ஊன்றி உடலை வில்போல் வளைத்து நிற்பானாயின், அவன் தோள்கள் தரையிற் படா, தோல்வியும் நேராது. இதனைப் 'பாலம்' என்பர். இப்பாலத்தைத் தாங்கும் தூண் கழுத்தே. எதிரியின் எடை முழுவதும் மேலே அழுத்தும்போது கழுத்துத் தளருமாயின் பாலம் இடிந்துவிடும். ஆதலால் பர்ன்ஸ் நாள்தோறும் கழுத்துப் பயிற்சியைத் தவறாமற் செய்தார். கண்காட்சிகளிலே தூக்குக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆறடி கீழே விழுந்து, தொங்கியவாறே சீழ்க்கையடித்துப் பாட்டிசைத்துக் காட்டினார் என்று கூறுவர். இஃது உயிரைப் போக்கவல்ல செயல், பிறர் பின்பற்றத்தக்கதன்று. ஆயினும், ஓர் உறுப்பை முறையாகப் பயிற்றினால் அஃது எத்துணை உறுதி பெறும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

பர்ன்ஸ் ஏறக்குறைய ஆறாயிரம் முறை பொருது ஏழு முறையே தோற்றார் என்பது அவரைப் பற்றி வழங்கும் கூற்று. ஊர்தோறும் சென்று, வந்தவரையெல்லாம் எதிர்த்து நிற்கும் சந்தைக் கூடாரங்களில் ஒரே நாளில் பலரோடு பொருதல் உண்டாதலின், இத்தொகை கேட்டவுடன் தோன்றுமளவு வியப்புடையதன்று. அன்றியும், அக்காலத்துப் போர்கள் யாவும் மெய்ப்போர்கள் என்று கொள்ளுதற்கில்லை. பந்தயப் பணமே மல்லரின் பிழைப்பாய் இருந்தது. பணம் புகும் இடத்திலே சூதும் புகுந்தது. ஜான் மேப்ரே என்பவனும் அவன் கூட்டத்தாரும் குதிரைப் பந்தயம், குத்துச்சண்டை, மற்போர் ஆகியவற்றைப் பொய்யாக நடத்திச் செல்வர் பலரை ஏமாற்றியதற்காக, 1910-ஆம் ஆண்டு அயோவாவின் கவுன்சில் பிளஃப்ஸ் நகரிலே விசாரிக்கப்பட்டுத் தண்டனை அடைந்தனர். இத்தகைய உலகிலே வாழ்ந்தவர் பர்ன்ஸ். ஆகவே அவருடைய வெற்றித் தொகையை எண்ணிப் புகழ்தலினும், அவர் கற்பித்த கல்வியை எண்ணிப் புகழ்தலே தக்கது. தொகையைக் கூட்டியும் குறைத்தும் கூறலாம். கல்வியோ கற்றவர் உடலிலே வெளிப்படையாய் நிற்பது.

இனி அவருடைய ஆசிரியத் தன்மையைக் காண்போம். 1899-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அயோவாவின் போர்ட் டாட்ஜ் நகருக்குப் பர்ன்ஸ் சென்றிருந்தார். அங்கே ஹம்போல்ட் ஊரைச் சார்ந்த ஃபிராங்க் காட்ச் என்னும் பண்ணை இளைஞன் அவரை எதிர்த்தான். பர்ன்ஸ் பதினொரு நிமிஷத்தில் அவனை வீழ்த்தினார். மற்றொருவராயின் பரிசுப் பணத்தைப் பெற்றுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பர். பர்ன்ஸோ அவ்விளைஞனிடத்திலே அடங்கியிருந்த ஆற்றலைக் கண்டு, அவனைத் தம்மிடம் மாணவனாய் வருமாறு அழைத்தார். அப்போது அவர் பொருதலை விட்டவரல்லர். தம் தொழிலிலே நின்றவரே. தம்மை வெல்லக்கூடியவன் இவன் என்று அறிந்தும், தாம் அறிந்தவற்றை ஒளியாது கற்பித்தார். பிடிகளை மறைத்து வைத்தலே பிழைப்புக்கு வழி என்று மல்லர் பலர் கருதிய காலத்தில் இஃது அரிய செயலாகும்.

அம்மாணவர் 1904-ஆம் ஆண்டு டாம் ஜென்கின்ஸ் என்பவரை வென்று அமெரிக்க முதன்மையைப் பெற்றார். 1908-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ஆம் தேதி சிக்காகோவிலே, 'ரஷ்யச் சிங்கம்' எனப் பெயர் பெற்ற ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட் என்பவரை எதிர்த்தார். ஹாக்கன்ஷ்மிட் எடை தூக்குவதிலே உலகப் புகழ் பெற்ற பெருவலியர். காட்சோ அவ்வலியோடு நேரே முட்டாமல், நின்ற நிலையிலேயே அவரைத் தள்ளியும் இழுத்தும் மூச்சு வாங்கச் செய்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேலான பின் ஹாக்கன்ஷ்மிட் தாமே போரைக் கைவிட்டார். காட்ச் உடலில் எண்ணெய் பூசியிருந்தார், முறைகேடாய்ப் பொருதார் என்று அவர் பின்னர்க் குறை கூறினார். அது பற்றிய வழக்கு எவ்வாறாயினும், நெடுநேரம் தளராது நிற்கும் ஆற்றலிலே காட்ச் மிக்கவர் என்பது அன்று தெளிவாயிற்று. 1911-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 4-ஆம் தேதி சிக்காகோவின் காமிஸ்கி மைதானத்தில் ஏறக்குறைய 30,000 மக்கள் முன்னிலையில் இருவரும் மீண்டும் பொருதனர். முழங்காலில் ஊறுபட்டிருந்த ஹாக்கன்ஷ்மிட்டை அரைமணி நேரத்துக்குள் காட்ச் இருமுறை வீழ்த்தினார். இவ்வெற்றிகளால் காட்சின் பெயர் அமெரிக்க இல்லங்கள் தோறும் பரவிற்று. அவரைப் பயிற்றிய உழவர் பெயரோ பத்திரிகைகளிலே அவருக்குப் பின்னே ஒரு வரியாய் நின்றது.

காட்ச் மட்டும் அவர் மாணவரல்லர். அயோவாவின் அனிட்டா ஊரைச் சார்ந்த எர்ல் கேடக் என்பவரும் பர்ன்ஸிடம் பயின்றவரே. அவர் 1917-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஓமஹா நகரில் ஜோ ஸ்டெக்கரை வென்று உலக முதன்மை பெற்றார். பின்னர் முதல் உலகப் போரிலே படைவீரராய் ஐரோப்பாவுக்குச் சென்று நச்சுப் புகையால் நலங்குன்றினார். பர்ன்ஸிடம் பயின்றோர் தொகை 1,600-க்கு மேற்பட்டது என்று கூறுவது வழக்கு.

1910-ஆம் ஆண்டிலே குத்துச்சண்டை வீரர் ஜேம்ஸ் ஜெஃப்ரீஸ் என்பவரைப் போருக்கு ஆயத்தம் செய்த பாசறையிலும் பர்ன்ஸ் இருந்தார். அப்போர் கருநிறத்தவராகிய ஜாக் ஜான்ஸனுக்கு எதிராக, வெண்ணிறத்தாரின் மேன்மையை நிலைநாட்டும் பொருட்டு எழுந்த போராகவே பேசப்பட்டது. ஜூலை மாதம் 4-ஆம் தேதி ரீனோ நகரிலே ஜான்ஸனே வென்றார். நிறம் பற்றிய செருக்கு அந்நாளிலே எத்துறையையும் விட்டதில்லை. பர்ன்ஸின் பெயரும் அந்நிகழ்ச்சியோடு ஒட்டி நிற்கின்றது. பெரியோருடைய வரலாற்றை எழுதப் புகுவோர் இத்தகையவற்றை மறைத்தல் நேர்மையாகாது.

பர்ன்ஸ் செய்தவற்றுள் தலையாயது எதுவென்று நம்மைக் கேட்பின், 1914-ஆம் ஆண்டு ஓமஹா நகரிலிருந்து அவர் வெளியிட்ட தபால்வழிப் பாடங்களே என்போம். மற்போரும் தேகப்பயிற்சியும் பற்றிப் பன்னிரண்டு பாடங்களைப் படங்களோடு அச்சிட்டுப் பணம் செலுத்தியோர்க்கு அனுப்பினார். இலவச நூலைப் பெற விரும்புவோர் தம் வயதைக் குறித்து எழுதுமாறு பத்திரிகைகளிலே விளம்பரம் வெளிவந்தது. ஆசானை நேரிற் காணமாட்டாத, தொலைவான பண்ணைகளில் வாழ்ந்த சிறுவர்க்கு இப்பாடங்களே ஆசானாயின. கைமாற்றிக் கைமாற்றிக் காக்கப்பட்டு வந்த மறைகலையொன்று, தபால் தலை ஒட்டிய உறையிலே எவர் வீட்டுக்கும் செல்லும் பொதுக்கல்வியாய் மாறிற்று.

அப்பாடங்களின் முறை நினைவிற் கொள்ளத்தக்கது. பிடிகளைக் கூறுவதற்கு முன் அவர் மூச்சைக் கூறுகின்றார். ஆழ்ந்து மூச்சு விடுதலே எல்லாப் பயிற்சிக்கும் அடிப்படை என்பது அவர் கொள்கை. மணிக்கணக்காய் நீளும் போரிலே மூச்சு முந்தித் தீர்ந்தவனே தோற்பவன் ஆதலின், இது பட்டறிவிற் பிறந்த கொள்கையாகும். அடுத்து, பெரும்பாலும் தம் உடலையே எடையாகக் கொண்டு செய்யும் பயிற்சிகள். கழுத்துப் பயிற்சி அவற்றுள் முதன்மை. அதன் பின்னரே பிடிகள். எதிரியின் கையை முதுகின் பின்னே மடக்கி மேலேற்றும் பிடி, கழுத்தின் பின்புறத்தே கையை நுழைத்துத் திருப்பும் 'அரை நெல்சன்' பிடி, பாதத்தைப் பற்றி முறுக்கும் பிடி ஆகியவற்றைப் படிப்படியாக விளக்குகின்றார். இவையனைத்தும் நெம்புகோலின் இயல்பைத் தழுவியவை. நெடிய கோலின் நுனியிலே சிறுவன் ஒருவன் அழுத்தினாலும் பெரும்பாறை அசைவது போல, முன்கையின் நுனியைப் பற்றியவன் தோள் மூட்டையே ஆளவல்லவனாகின்றான். பிடிக்கேற்ற மறுபிடியையும் பர்ன்ஸ் உடன்கூறுகின்றார். எந்தப் பிடிக்கும் விடுதலை உண்டு. அதனைக் காலந் தாழ்த்தாது தேடுவதே கலை என்பது அவர் போதனையின் சாரம்.

இக்கல்வி ஆறாய்ப் பெருகி இரு கிளையாய்ப் பிரிந்தது. ஒரு கிளை பள்ளிகளை நோக்கிச் சென்றது. 1921-ஆம் ஆண்டு அயோவா மாகாணத்து உயர்தரப் பாடசாலைகளுக்கென நடந்த முதற் பந்தயத்திலே வெற்றி பெற்ற சீடார் ராப்பிட்ஸ் நகர வாஷிங்டன் பாடசாலை மாணவர்கள், அப்போது அறுபது வயதை எட்டியிருந்த பர்ன்ஸின் பயிற்சியைப் பெற்றவர்கள். சந்தைக் கூடாரத்தில் பந்தயப் பணத்துக்காக நடந்த கலை, அவர் கண்முன்னே, பணத்தை விரும்பாத மாணவரின் விளையாட்டாய் மாறிற்று. பிற்காலத்தில் அயோவா மாகாணம் மற்போருக்கு அமெரிக்காவிலேயே பெயர்பெற்ற நிலமாயிற்று. 1972-ஆம் ஆண்டு மியூனிச் ஒலிம்பிக் பந்தயத்திலே எதிரிக்கு ஒரு புள்ளியும் கொடாமல் பொற்பதக்கம் பெற்ற டான் கேபிள் அம்மாகாணத்தவரே.

மற்றொரு கிளை மேடையை நோக்கிச் சென்றது. தபால் பாடங்களால் மற்போர் கற்றவருள் ஜோசப் மாண்ட் என்னும் இளைஞர் ஒருவர். பர்ன்ஸே அவரைத் தேர்ந்து பயிற்றினார். அவருடைய இளமை முகத்தைக் கண்டு 'டூட்ஸ்' என்னும் செல்லப்பெயர் வழங்கலாயிற்று. இம்மாண்ட் 1920-ஆம் ஆண்டுகளிலே எட் லூயிஸ், பில்லி சாண்டோ என்னும் இருவரோடு கூடி, மற்போரை விரைவும் ஆரவாரமும் நிறைந்த காட்சியாக மாற்றினார். மணிக்கணக்காய்த் தரையிலே ஒருவர்மேலொருவர் கிடக்கும் போரைக் காணச் சலித்த மக்களுக்குத் தூக்கி எறிதலும் பாய்தலும் களிப்பூட்டின. முடிவும் முன்னரே வகுக்கப்பட்டது. இன்று தொலைக்காட்சியிலே உலகெங்கும் காட்டப்படும் தொழில்முறை மற்போர்க் காட்சிக்கு இவர்களே வழிகாட்டிகள்.

ஆகவே, மெய்ப்போரைக் காத்துவரும் பள்ளி விளையாட்டும், போர்போல நடிக்கும் மேடைக் காட்சியும் ஆகிய இரண்டும் அவ்வுழவரின் கல்வியைத் தழுவியே வளர்ந்தன. தாம் ஈந்த கல்வியைப் பெற்றோர் அதனை எவ்வாறு வழங்குவர் என்பதை ஆசிரியர் ஆள இயலாது. விதைப்பவன் விதைக்கின்றான், எந்நிலத்தில் எவ்வாறு விளையும் என்பது அவன் கையிலில்லை. அவ்வச்சத்தால் விதையை அடைத்து வைத்திருப்பாராயின், கேடக்கும் இல்லை, காட்சும் இல்லை, வாஷிங்டன் பாடசாலைச் சிறுவரும் இல்லை.

இத்துணைப் பெருமை உடையவர் மறக்கப்பட்டமைக்குக் காரணம் யாது? அவர் பட்டம் பெற்ற 1895-ஆம் ஆண்டு, சலனப்படங்கள் பரவாத காலம். அவர் போரைக் கண்ணாற் கண்டோர் மறைந்தபின் காட்டுதற்கு ஒன்றுமில்லை. அவருடைய நடுத்தர உடல், பேருருவங்களைக் காண விரும்பிய பிற்காலத்தாரைக் கவரவில்லை. மாணவர் காட்சின் புகழ் ஆசிரியர் புகழை விழுங்கிற்று. மேலும், தொழில்முறை மற்போர் காட்சியாக மாறியபின், மெய்ப்போர் விளையாட்டார் அதன் பழைய ஆசிரியர்களைத் தம்மவராகக் கொள்ள நாணினர். காட்சி நடத்துவோரோ பழமையை நினைக்க நேரமற்றவராயினர். இவ்வாறு இரு வீட்டாருக்கும் உரியவர் இரு வீட்டிலும் இடமின்றி நின்றார். இன்று அயோவாவின் வாட்டர்லூ நகரிலுள்ள மற்போர்க் காட்சிச்சாலையிலே சிறப்பிக்கப்பட்ட தொழில்முறை மல்லருள் அவர் பெயரும் இடம்பெற்றிருத்தல் சிறிது ஆறுதல் தருகின்றது.

உழவர் பர்ன்ஸ் 1937-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கவுன்சில் பிளஃப்ஸ் நகரிலே தம் 75-ஆம் வயதில் காலமானார். அவர் மாணவர் காட்ச் 1917-ஆம் ஆண்டிலேயே, நாற்பது வயதளவில், மறைந்துவிட்டார். தம்மினும் உயரச் சென்ற மாணவன் தமக்கு முன்னே மறைவதையும் அவ்வாசிரியர் கண்டார். அதன் பின்னும் இளைஞர்க்குக் கற்பித்தலை விட்டாரல்லர்.

இவ்வரலாற்றால் நாம் அறியக்கிடப்பன சில உள. வலிமையைக் கலையே ஆளும். கலை ஒளிக்கப்படின் ஒருவரோடு மாயும். வழங்கப்படின் பலரிடத்தே வாழும். தம்மை வெல்லக்கூடியவனைக் கண்டபோது அஞ்சாது அவனையே தெரிந்து கற்பித்தல் ஆசிரியருக்கு அழகு. அவ்வாறு கற்றவன் தான் பெற்ற மாலையிலே ஒரு மலரையேனும் ஆசிரியர்க்கு உரிமையாக்குதல் மாணவனுக்கு அழகு. இக்கல்லூரியை விட்டு ஆண்டுதோறும் வெளியேறும் நம்மவர் எத்துறையில் எவ்வெற்றி பெறினும், அவ்வெற்றிக்குப் பின்னே நிற்கும் உழவர் ஒருவரைத் தேடிக் காண்பாராக.